குழாய்களை இறக்குதலும் அடுக்கி வைத்தலும்

பேச்சிப்பாறை என்றவுடன் யாவர்க்கும் நினைவில் எழுவது அணையே. கோதையாற்றின் குறுக்கே 1897-ஆம் ஆண்டில் தொடங்கி 1906-ஆம் ஆண்டில் முடிவுற்ற அவ்வணை, திருவிதாங்கூரை மூலம் திருநாள் மகாராஜா ஆண்ட காலத்தில், மிஞ்சின் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் பொறுப்பில் கட்டப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் நாஞ்சில் நாட்டு வயல்கள் அதன் நீரை நம்பியே நாற்று நடுகின்றன. எனினும் கால்வாய்த் தண்ணீருக்கு ஓர் இயல்புண்டு. பள்ளம் கண்ட பக்கமே அது பாயும். அணைக்கு அருகிலேயே குடியிருந்தாலும், மேட்டில் வீடு உடையவருக்கு அத்தண்ணீர் தானே ஏறி வராது. மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கும், காணி மக்களின் குடியிருப்புகளுக்கும், ரப்பர் தோட்டங்களை அடுத்த தெருக்களுக்கும் குடிதண்ணீர் சேர வேண்டுமாயின், நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி அங்கிருந்து குழாய் வழியே இறக்குவதொன்றே வழி.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் இணைப்பும், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீரும் என்ற குறிக்கோளைக் கொண்டு எழுந்தது. அதன் பின்னர் பெரிய பிளாஸ்டிக் குழாய்கள் ஊராட்சிச் சாலைகளின் ஓரங்களிலும் வந்து இறங்குவது பழகிப்போன காட்சியாகிவிட்டது. பள்ளம் எத்தனை அடி ஆழம் இருக்க வேண்டும், மணல் எவ்வளவு பரப்ப வேண்டும் என்பன பற்றிப் பேசுவோர் பலர். லாரியில் வந்த குழாய் பள்ளத்தை அடையும் வரை அதற்கு என்ன நேர்கிறது என்று கவனிப்போர் சிலரே. அந்த இடைக்காலம் சில வேளை ஒரு நாள். பல வேளை ஆறு மாதம். குழாயின் ஆயுள் குறைவதும், அதை இறக்குகின்ற தொழிலாளியின் கைகால்களுக்கு ஆபத்து நேர்வதும் அவ்விடைக்காலத்தில்தான். ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இலேசு என்னும் மயக்கம்

முன்னாளில் குடிநீருக்கு வார்ப்பிரும்புக் குழாய்கள் வந்தன. அவற்றின் கனத்தைக் கண்டவுடனேயே எவருக்கும் அச்சம் பிறக்கும். கப்பியும் சங்கிலியும் இல்லாமல் ஒருவரும் அருகில் செல்லார். இன்று வருபவை இரு வகைப்பட்டவை. ஒன்று, சாம்பல் நிறமான பி.வி.சி. குழாய், மற்றொன்று, கறுப்பு நிறமும் பக்கவாட்டில் வண்ணக் கோடுகளும் உடைய எச்.டி.பி.இ. எனப்படும் பாலிஎதிலீன் குழாய். இவ்விரண்டையும் தட்டிப் பார்த்தால் வெற்றுப் பெட்டிபோல் ஓசை எழும். ஒரு முனையைச் சிறுவன் ஒருவன்கூடத் தூக்கிவிடலாம். இவ்விலேசுதான் மக்களை ஏமாற்றுகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 6 கிலோ அழுத்தம் தாங்கும் 200 மி.மீ. பி.வி.சி. குழாய், 6 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 36 கிலோ இருக்கும். தனியாக நோக்கின் இது பெரிய சுமையன்று. ஆனால் லாரியில் அது தனியாக வருவதில்லை. 50 குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் 1,800 கிலோ. பாலிஎதிலீனை எடுத்துக்கொண்டால், 315 மி.மீ. விட்டமும் 15 மி.மீ. சுவர்த் தடிப்பும் உள்ள 12 மீட்டர்க் குழாய் ஒன்றே ஏறத்தாழ 160 கிலோ நிறையுடையது. அதாவது மூன்று நெல் மூட்டைகளை நீளமாக இழைத்து, வழவழப்பாக உருட்டி, உயரத்தில் ஏற்றி வைத்ததற்கு ஒப்பாகும். மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும், குழாயோ உருளும். வேற்றுமை அவ்வளவே, ஆனால் அவ்வேற்றுமையில்தான் உயிர் இருக்கிறது.

இரு குழாய்களுக்கு நடுவே மூன்றாவது குழாய் உட்காரும்போது, அது ஆப்பு அடித்ததுபோல் கீழிரண்டையும் இரு புறமும் விலக்கித் தள்ளுகிறது. அடுக்கு உயர உயர அத்தள்ளுதல் பெருகுகிறது. லாரியின் பக்கக் கம்பங்களும் கட்டுப் பட்டைகளுமே அதைத் தாங்கி நிற்கின்றன. பட்டையை அறுத்த கணத்தில் அந்த விசை எங்கோ ஓரிடத்தில் வெளிப்பட்டே தீரும். அறுத்தவர் அப்போது எங்கே நிற்கிறார் என்பதே கேள்வி.

பேச்சிப்பாறைப் பக்கத்தில் இக்கேள்விக்கு இன்னும் ஒரு கூர்மை உண்டு. அங்குச் சாலைகள் சமதளமாகச் செல்வதில்லை. குலசேகரத்திலிருந்து ஏறி வரும் வழியில் ஒரு புறம் மேடும் மறுபுறம் சரிவுமாக இருக்கும் இடங்களில் லாரி நின்றால், சுமை முழுவதும் சரிவுப் பக்கமே சாய்ந்து நிற்கும். இறக்குவோர் வசதி கருதி அதே சரிவுப் பக்கத்தில் நின்று பட்டையை அறுப்பது வழக்கமாயிருக்கிறது. குழாய் தானே உருண்டு வந்துவிடும், தூக்கும் வேலை மிச்சம் என்பது அவர்களுடைய எண்ணம். குழாய் தானே உருண்டு வருவதையே நாம் அஞ்ச வேண்டும்.

லாரி வருமுன் செய்ய வேண்டியவை

இறக்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பது லாரி ஓட்டுநரின் வேலையன்று. குழாய் புறப்படும் செய்தி கிடைத்தவுடன், வார்டு அங்கத்தினரும், தொட்டி இயக்குபவரும், ஒப்பந்தக்காரரின் ஆளும் சேர்ந்து இடத்தை நேரில் சென்று காணுதல் வேண்டும். சமதளமாக இருத்தல், லாரி வந்து திரும்ப இடமிருத்தல், மேலே மின்கம்பி இல்லாதிருத்தல், மழைநீர் தேங்காதிருத்தல் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். இவற்றுள் மின்கம்பியே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. தூக்குப் பொறியின் கை உயர்ந்து கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை. அருகில் சென்றாலே போதும். வேறு இடம் அறவே இல்லையாயின், மின்வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதி, அந்நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும்.

12 மீட்டர் நீளமுள்ள குழாய்களை ஏற்றிய வண்டி மலைச்சாலையின் வளைவுகளில் திரும்புவது எளிதன்று. வாங்கும்போதே 6 மீட்டர் நீளத்தில் கேட்பது ஒரு வழி. ஆனால் பாலிஎதிலீன் குழாயில் நீளம் குறையக் குறைய இணைப்புகள் பெருகும். ஒவ்வோர் இணைப்பும் செலவு. ஆகவே கீழே விரிந்த மைதானமொன்றில் இறக்கிச் சிறு வண்டிகளில் மேலே கொண்டு செல்வது நலமா, சிறு நீளங்களாக வாங்குவது நலமா என்பதைப் பொறியாளருடன் கலந்து முடிவு செய்யலாம். ஒன்று மட்டும் கூடாது: 12 மீட்டர்க் குழாயைச் சிறு வண்டியில் ஏற்றிப் பின்புறம் பாதி நீளம் தொங்கத் தொங்க இழுத்துச் செல்வது. தொங்கும் முனை தார்ச் சாலையில் உரசித் தேய்வதோடு, வளைவில் எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரரை அடித்துத் தள்ளவும் கூடும்.

இறக்குவோர் எத்தனை பேர், அவர்களுள் எவர் சொல்லுக்கு மற்றவர் கட்டுப்படுவர் என்பதை முன்னதாகவே தீர்மானிக்க வேண்டும். பத்துப் பேர் கூடி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டளையிடுவது நம் நாட்டில் எங்கும் காணும் காட்சி. கல்யாணப் பந்தலுக்கு அது பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது.

குழாய் வந்ததும், ஒரு பட்டையையும் அறுக்குமுன் சுமையைச் சுற்றி நடந்து பார்த்தல் வேண்டும். வழியில் சரிந்திருக்கிறதா? கம்பம் ஏதேனும் வளைந்திருக்கிறதா? சங்கிலி கொண்டு இறுக்கிய இடத்தில் குழாய் நசுங்கியிருக்கிறதா? பழுதான குழாயைக் கண்டால் எண்ணிக்கையுடன் விநியோகச் சீட்டிலேயே எழுதி, ஓட்டுநரிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும். இறக்கிவிட்ட பின் சொன்னால், இறக்கியவர் மேல் பழி வரும். பி.வி.சி. குழாயில் ஐ.எஸ். 4985 என்ற எண்ணும், எச்.டி.பி.இ. குழாயில் ஐ.எஸ். 4984 என்ற எண்ணும், விட்டமும், அழுத்த வகுப்பும் அச்சிடப்பட்டிருக்கும். மதிப்பீட்டில் எழுதியிருப்பதும் குழாயில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று வாசித்துப் பார்ப்பதற்குப் பொறியாளர் பட்டம் தேவையில்லை.

இறக்கும் முறை

லாரியின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துத் தடுத்த பின்னரே வேலை தொடங்கலாம். குழாய்கள் எந்தப் பக்கம் இறங்குமோ அந்தப் பக்கத்தில் ஒருவரும் நிற்கலாகாது. வேடிக்கை பார்ப்போரை, முக்கியமாகக் குழந்தைகளை, அடுக்கின் உயரத்தைப்போல் பல மடங்கு தொலைவுக்கு அப்பால் நிறுத்த வேண்டும். பட்டையை அறுப்பவர் முனைப் பக்கமாக நிற்க வேண்டுமேயன்றிப் பக்கவாட்டில் நிற்கலாகாது. கட்டுகளையெல்லாம் ஒரே முறையில் அவிழ்ப்பது தவறு. பக்கக் கம்பங்கள் உறுதியாக நிற்கின்றன என்று தெரிந்த பின், மேலடுக்குக்கு உரிய கட்டை மட்டும் அவிழ்த்து, அவ்வடுக்கு இறங்கியபின் அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

தூக்குப் பொறி கிடைக்குமாயின், அகன்ற நைலான் பெல்ட்டு இரண்டைக் குழாயின் நடுவிலிருந்து சம தொலைவில் இட்டுத் தூக்க வேண்டும். ஒரே பெல்ட்டில் நடுவே தூக்கினால் குழாய் துலாக்கோல்போல் ஆடி, யார் தலையிலாவது முடியும். முனையில் நீண்ட கயிறொன்றைக் கட்டி, தொலைவில் நிற்கும் ஒருவர் அதைப் பற்றி ஆட்டத்தைக் கட்டுப்படுத்தலாம். சங்கிலியும் இரும்பு வடமும் குழாயை அறுக்கும். குழாயின் இரு வாய்களிலும் கொக்கி மாட்டித் தூக்குவது இன்னும் கேடு. இணைப்பு அமைய வேண்டிய வாயே பிளந்துபோகும். ஜே.சி.பி. பொறியின் மண்வெட்டும் பற்களில் குழாய்களை ஏந்தி இறக்குவதைப் பல ஊர்களில் காண்கிறோம். பள்ளம் தோண்ட வந்த பொறி சும்மா நிற்கிறதே என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அப்பற்களில் ஒன்று கீறிய கோட்டைப் புதைத்து மூடிவிட்டால், பின்னர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க அதே பொறிக்கு வாடகை கொடுத்து மீண்டும் தோண்ட நேரிடும்.

மலைப்பக்கத்துச் சிற்றூருக்குத் தூக்குப் பொறி வராமற்போகலாம். அப்போது பழைய முறையொன்று நன்கு உதவும். மரத்தடிகளை வண்டியிலிருந்து இறக்குவோர் அதை அறிவர். வலுவான இரு பலகைகளை லாரியின் விளிம்பிலிருந்து தரைக்குச் சாய்வாக வைத்துக் கட்ட வேண்டும். இரண்டு கயிறுகளின் ஒவ்வொரு நுனியை லாரியில் கட்டி, மறு நுனியைக் குழாயின் அடிப்புறமாகச் சுற்றி மேலே கொண்டுவந்து, லாரியின் மேல் நிற்கும் இருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கயிற்றை மெல்ல மெல்ல விட, குழாய் பலகைமேல் உருண்டு கீழே இறங்கும். கயிற்றின் மடிப்பில் குழாய் இருப்பதால் சுமையில் பாதியே பிடிப்போர் கைக்கு வரும். கீழே ஆள் தேவையில்லை. குழாய் தரையில் நின்ற பின்னரே ஆள் அணுக வேண்டும். ஒரு குழாய் அப்புறப்படுத்தப்படும் வரை அடுத்ததை விடலாகாது.

சிலர் பழைய டயர்களைத் தரையில் போட்டு, அவற்றின்மேல் குழாயைத் தள்ளிவிடுகின்றனர். டயர் தாங்கிக்கொள்ளும் என்பது பாதியளவே உண்மை. மேலிருந்து விழும் குழாய் டயரில் பட்டுத் துள்ளும். துள்ளிய குழாய் எப்பக்கம் செல்லும் என்று எவரும் சொல்ல இயலாது. அத்துடன், விழுந்த பி.வி.சி. குழாயில் மயிரிழை போன்ற விரிசல் உண்டாகலாம். கண்ணுக்குப் புலப்படாத அவ்விரிசல் அழுத்தச் சோதனையின்போது வெளிப்பட்டால் நமது நற்பேறு. வெளிப்படாமல் புதைந்துவிட்டால், ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குப் பின் சாலையின் நடுவே நீர் ஊற்றெடுக்கும்.

அந்தக் கசிவை நீர் இழப்பாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. கிராமங்களில் பெரும்பாலும் நாள் முழுதும் குழாயில் நீர் ஓடுவதில்லை. காலையிலோ மாலையிலோ சில மணி நேரம் விடப்படுகிறது. விடும்போது விரிசல் வழியே நல்ல நீர் வெளியேறுகிறது. நிறுத்தியபின் குழாய் வெறுமையாகி, சுற்றிலும் உள்ள சாக்கடை நீரையும் சேற்று நீரையும் அதே விரிசல் வழியே உள்ளிழுக்கிறது. மறுநாள் முதற்குடத்தில் வருவது அதுவே. இறக்கும்போது உண்டான ஒரு கீறல் இவ்வாறு ஒரு தெருவின் வயிற்றுப்போக்காக முடியக் கூடும்.

அடுக்கி வைத்தல்

கல்லும் முள்ளும் நீக்கிச் சமன் செய்த தரையில், 75 மி.மீ. அகலத்துக்குக் குறையாத மரச்சட்டங்களை மீட்டருக்கு ஒன்றாகப் பரப்பி, அவற்றின்மேல் முதல் வரிசையை வைக்க வேண்டும். சட்டங்கள் ஒரே மட்டமாக இல்லாவிடின் குழாய் நடுவே தொய்ந்து நிரந்தரமாக வளைந்துவிடும். பி.வி.சி. குழாயின் ஒரு முனையில் சாக்கெட் என்னும் அகன்ற வாய் உண்டு. எல்லாச் சாக்கெட்டுகளையும் ஒரே பக்கம் வைத்தால் அப்பக்கம் மேடாகி, சுமை முழுவதும் வாய்களின்மேல் இறங்கும். ஒரு வரிசையின் வாய்கள் கிழக்கே என்றால் அடுத்த வரிசையின் வாய்கள் மேற்கே இருக்குமாறு மாற்றி மாற்றி, வாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு வைத்தால் குழாயின் உடல் குழாயின் உடல்மேல் படியும்.

இரு பக்கங்களிலும் கம்பங்களை ஆழ நட்டு, அடிவரிசையின் ஓரக் குழாய்களுக்கு மர ஆப்பு அடித்தல் வேண்டும். கருங்கல் துண்டைச் செருகுவது ஆப்பாகாது. மழையில் மண் இளகியதும் கல் புதையும், குழாய் நகரும். உயரம் ஒன்றரை மீட்டருக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நலம். சூடேறிய பி.வி.சி. மென்மையடைகிறது, அடிக் குழாய் மேற்சுமையால் நசுங்கி நீள்வட்டமாகிவிட்டால், ரப்பர் வளையம் சுற்றிலும் ஒரே சீராக அழுந்தாது. பெரிய குழாய்க்குள் சிறிய குழாயைச் செருகி அனுப்பியிருந்தால், இறக்கியவுடன் அவற்றை வெளியே எடுத்துத் தனித்தனியே வைக்க வேண்டும். இல்லையேல் ஒரு மீட்டர் அடுக்கே இரண்டு மீட்டர் அடுக்கின் பளுவைத் தாங்க வேண்டியதாகும்.

அடுக்கின்மேல் ஏறி விளையாடக் குழந்தைகளுக்கு மிகுந்த ஆசை. உள்ளே நுழைந்து குரல் கொடுத்துப் பார்க்காத சிறுவன் ஊரில் இருக்க மாட்டான். ஆதலால் பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் அருகில் அடுக்குவதைத் தவிர்க்க வேண்டும். வேறு இடமில்லையேல் மூங்கிலாலும் கயிற்றாலும் வேலி கட்டி, ஆசிரியர்களிடம் சொல்லி வகுப்பில் எச்சரிக்கச் செய்ய வேண்டும். வெறும் எச்சரிக்கைப் பலகையை மட்டும் நட்டுவிட்டு வந்தால், வாசிக்கத் தெரியாத வயதினரே முதலில் ஏறுவர்.

வெயில், மழை, மரம்

வெயிலில் நெடுநாள் கிடந்த பி.வி.சி. குழாய் நிறம் வெளுத்து, அடி தாங்கும் சக்தியை இழக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெயில் படுமாயின் அப்பக்கம் நீண்டு, குழாய் வாழைக்காய்போல் வளைகிறது. 6 மீட்டர் பி.வி.சி. குழாய், வெப்பம் 20 பாகை உயர்ந்தால் சுமார் 8 மி.மீ. நீளும். பாலிஎதிலீன் அதைவிட மிகுதியாக நீளும். 100 மீட்டர் நீளத்துக்கு ஓரடி அல்லது அதற்கு மேலும் வேற்றுமை காட்டும். ஆகவே நண்பகலில் அளந்து அறுத்த குழாய் விடியற்காலையில் குட்டையாகி நிற்பதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. பாலிஎதிலீனில் கலந்துள்ள கரித்தூள் வெயிலை ஓரளவு தடுக்கிறது, பி.வி.சி.க்கு அப்பாதுகாப்பு இல்லை.

மூடுவதற்கு முடைந்த தென்னோலையைவிடச் சிறந்தது இல்லை என்றே நாம் கருதுகிறோம். அது நிழல் தரும், காற்றையும் விடும். கறுப்புத் தார்ப்பாயைக் குழாயின்மேல் ஒட்டப் போர்த்தினால் உள்ளே அடுப்புப்போல் சூடேறும். கண்ணாடி போன்ற பாலிதீன் தாளோ வெயிலைத் தடுப்பதே இல்லை. தார்ப்பாய்தான் உண்டெனில், பந்தல்போல் சற்று உயர்த்திக் கட்டி இரு முனைகளையும் திறந்து விட வேண்டும்.

இவ்வூரில் நிழலுக்கென்ன குறை, ரப்பர் தோட்டத்தில் அடுக்கிவிடலாமே என்று சிலர் கேட்கக் கூடும். நிழல் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ரப்பர் மரம் காற்றுக்கு எளிதில் முறியும் இயல்பினது. 2017 நவம்பர் 30-ஆம் நாள் வீசிய ஒக்கிப் புயலில் இம்மாவட்டத்து ரப்பர் மரங்கள் சாய்ந்து கிடந்ததை நேரில் கண்டவர்கள் இதை மறக்க மாட்டார்கள். மேலும் மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்ந்து தரையெங்கும் சருகு மெத்தையாகக் கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். பி.வி.சி. எளிதில் தீப்பற்றாவிடினும் வெப்பத்தில் உருக்குலையும், கரிந்தால் நச்சுப் புகை கக்கும். பாலிஎதிலீனோ மெழுகுபோல் உருகி எரியும். தோட்டத்தில்தான் வைக்க வேண்டுமெனில், அடுக்கைச் சுற்றிச் சில மீட்டர் அகலத்துக்குச் சருகைக் கூட்டி, தரையை வெறுமையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இணைப்புக்குரிய ரப்பர் வளையங்களை வெயிலிலும் எண்ணெய்க்கு அருகிலும் வைக்கலாகாது. ரப்பர் வெயிலில் என்ன ஆகும் என்று பேச்சிப்பாறை மக்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா? ஆனால் அவர்களுள்ளும் சிலர், ரப்பர் சம்பந்தப்பட்ட பொருள்தானே என்று புகைக்கூடத்தின் மூலையில் அவற்றைத் தொங்கவிடக் கூடும். அங்குள்ள சூடு வளையத்துக்கு ஆகாது. பையில் இட்டு, ஊராட்சி அலுவலகத்து அலமாரியில் வைப்பதே தகும். குழாய் ஒட்டும் பசை எளிதில் தீப்பிடிப்பது. அதை வளையங்களுடன் வைக்காமல், மூடியை இறுக்கித் தனியே வைக்க வேண்டும்.

மழையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் மாவட்டம் இது. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் இங்குள்ள ஆறுகளும் கால்வாய்களும் கரை மீறியதை யாவரும் அறிவர். ஓடைக்கரை, கால்வாய்க் கரை, தாழ்ந்த தோப்பு ஆகிய இடங்களில் குழாயை அடுக்கினால் அது இருந்த இடத்தில் இராது. பாலிஎதிலீன் தண்ணீரைவிட இலேசானது. உள்ளே நீர் நிரம்பினாலும் மிதக்கும். இவ்வியல்பைக் கொண்டு நார்வே நாட்டில் செய்த மாபெரும் குழாய்களை, அல்ஜீரியா நாட்டுக்குக் கடலில் மிதக்க விட்டே இழுத்துச் சென்றனர். வழியில் நேர்ந்த கப்பல் மோதலால் அவை அறுந்து, 2017 ஆகஸ்டில் சில குழாய்கள் இங்கிலாந்தின் நார்போக் கடற்கரையில் வந்து ஒதுங்கின. ஓர் ஆள் உயரத்தையும் விஞ்சும் விட்டமும், நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமும் உடையவை அவை. அத்துணை பெரிய பொருளே அலையில் போகுமாயின், நம் ஊர் ஓடையில் 200 மி.மீ. குழாய் எம்மட்டு?

மிதந்து செல்லும் குழாய் மதகிலோ பாலத்தின் கண்ணிலோ சிக்கி நீரோட்டத்தை அடைத்தால், வெள்ளம் வயலுக்குள் புகும். ஆகவே மழைக்காலத்தில் அடுக்கைக் கயிற்றால் குறுக்கே கட்டி, உறுதியான முளைகளில் பிணைத்தல் வேண்டும். குழாய் வாய்களுக்கு மூடி இடுவது சேறும் தவளையும் புகாமல் காக்கும். ஆனால் இரு வாயும் மூடிய பி.வி.சி. குழாயும் தோணிபோல் மிதக்கும் என்பதை நினைவிற்கொண்டு, மூடியவற்றைக் கட்டி வைக்க வேண்டும். மூடாத குழாயில் பாம்பு தங்கும். அதை எடுக்குமுன் ஒரு முனையில் தடியால் தட்டி, மறுமுனையிலிருந்து விலகி நின்று, பின்னரே உள்ளே நோக்க வேண்டும். கையை விட்டுத் துழாவலாகாது.

விவசாயிகளின் சுருள் குழாய்

வாழைத் தோட்டத்துக்கும் பாசனத்துக்கும் விவசாயிகள் வாங்குவது பெரும்பாலும் சுருளாக வரும் பாலிஎதிலீன் குழாய். 63, 75, 90 மி.மீ. அளவுகளில் வரும் சுருளை வில்லென்றே கொள்ள வேண்டும். நாணை அறுத்தால் வில் நிமிர்வதுபோல், கட்டுகளை ஒரே சமயத்தில் அறுத்தால் வெளிநுனி பாய்ந்து முகத்தில் அறையும். இருவர் இன்றி இதில் கை வைக்கலாகாது. வெளிநுனியை முதலில் ஒரு முளையில் கட்டிவிட்டு, வெளிச்சுற்றின் கட்டை மட்டும் நீக்கி, வண்டிச் சக்கரம்போல் சுருளை உருட்டிக்கொண்டே செல்ல வேண்டும். உருண்ட தொலைவுக்கு ஏற்ப அடுத்தடுத்த கட்டுகளை நீக்கலாம். சுருளின் உள்நுனியைப் பற்றி இழுத்தால் குழாய் முறுக்கி மடியும். மடிந்த இடம் என்றும் பலவீனமானதே, அதை அறுத்தெறிந்துவிட்டு இணைப்பதே நலம். சேமிக்கும்போது சுருளைத் தரையில் படுக்க வைக்க வேண்டும். சுவரில் சாய்த்து நிறுத்திய சுருள் சில நாளில் முட்டை வடிவாகிவிடும்.

பள்ளத்தின் ஓரத்தில்

இரண்டு நாளில் பதிக்கக் கூடிய அளவுக்கு மட்டுமே குழாயைப் பள்ளத்தின் ஓரத்தில் பரப்ப வேண்டும். மாதக்கணக்கில் சாலையோரம் நீளக் கிடத்தினால் லாரியின் சக்கரம் ஏறும், ஆடு மாடு மிதிக்கும், இரவில் வருவோர் இடறுவர். வெட்டிய மண் குவித்துள்ள பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்து, சரிவான இடங்களில் ஒவ்வொரு குழாய்க்கும் தாழ்ந்த பக்கத்தில் ஆப்பு வைக்க வேண்டும். தரையில் இழுத்துச் செல்வது கூடவே கூடாது; சரளை கீறும். கீறலின் ஆழம் சுவர்த் தடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் அத்துண்டை அறுத்து நீக்க வேண்டும். 15 மி.மீ. சுவரில் ஒன்றரை மி.மீ. என்பது நகத்தால் தடவினாலே தெரியும் ஆழம்.

ஏற்றி இறக்கும் தொழிலாளர்களுக்கு நலவாரியம் உண்டு. 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தையொட்டி எழுந்த அந்த ஏற்பாட்டில் அவர்கள் பதிவு செய்துள்ளனரா என்று வேலைக்கு அழைக்குமுன் விசாரித்து, இல்லாதவர்க்குப் பதிவு செய்ய உதவுவது பஞ்சாயத்தால் இயலும். செருப்பின்றியும் தலைக்கவசமின்றியும் ஒருவரையும் சுமையின் அருகில் விடலாகாது. ஒருவர் கால் குழாய்க்கு அடியில் சிக்கினால் காலைப் பிடித்து இழுக்கக் கூடாது. மேலுள்ள குழாய்கள் நகராதபடி முதலில் ஆப்பு வைத்து, 108-க்குச் சொல்லி, பின்னர் சுமையை ஒவ்வொன்றாக அகற்ற வேண்டும். குலசேகரம் அரசு மருத்துவமனை அண்மையில் உள்ளது. பெருங்காயமாயின் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல நேரிடும். மலைச்சாலையில் அதற்கு ஆகும் நேரத்தை மனத்திற்கொண்டு, இருட்டத் தொடங்கிய பின் இறக்கும் வேலையை ஏற்காமலிருப்பதே நலம். லாரிக்காரர் காத்திருப்புக் கூலி கேட்பார், கொடுத்துவிடலாம்.

வேலை முடிந்த பின் மீந்த குழாய்களை ஒப்பந்தக்காரர் அள்ளிச் செல்லுமுன், பழுது பார்ப்பதற்கென ஒவ்வோர் அளவிலும் இரண்டிரண்டு நீளங்களைப் பஞ்சாயத்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். மதிப்பீட்டிலேயே இதற்கு இடம் செய்துகொள்வது இன்னும் சிறப்பு. மேல்நிலைத் தொட்டியின் அடியில், கால்களுக்கு இடையே உள்ள நிழலில் சட்டங்களிட்டு அவற்றை வைத்து, அளவு, அழுத்த வகுப்பு, இறக்கிய தேதி ஆகியவற்றை இருப்புப் பதிவேட்டில் குறித்து, முதலில் வந்ததை முதலில் எடுக்குமாறு தொட்டி இயக்குபவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.